திருகோணமலை நாய்களின் உண்ணிக் காய்ச்சல்: எழும்பி நடந்துவிட்டால் சுகமா?

நேற்றுவரை படலையடியில் நின்று குரைத்த நாய் இன்று சோற்றை மணந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடம்பு கொதிக்கிறது. மிருக வைத்தியர் ஊசி போட்டு, ஒரு மாதத்துக்குக் குளிசையும் எழுதிக்கொடுக்கிறார். மூன்றாம் நாள் நாய் எழும்பி வாலாட்டுகிறது. நாயின் வாய்க்குள் குளிசை வைப்பது லேசான வேலை இல்லை. எழும்பிவிட்டதே என்று பத்தாம் நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து மாதம் கழித்து மூக்கால் இரத்தம் ஒழுகும்போது இது வேறு ஏதோ வருத்தம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதே வருத்தம்தான். இடைப்பட்ட மாதங்களில் அது நாயை விட்டுப் போகவே இல்லை.

உண்ணியால் நாய்க்கு வரும் எந்தக் காய்ச்சலையும் நாம் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். இலங்கை நாய்களின் இரத்தத்தில் கண்டறியப்பட்ட கிருமிகளோ பல: எர்லிக்கியா கேனிஸ், பபீசியா கிப்சோனி, பபீசியா வோகெலி, ஹெப்பட்டோசூன் கேனிஸ், அனபிளாஸ்மா பிளாட்டிஸ். சில பற்றீரியாக்கள், சில ஒருகல ஒட்டுண்ணிகள். ஒரு வகையைக் கொல்லும் மருந்து மற்ற வகையைப் பெரும்பாலும் அசைக்காது. ஒரே நாயில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்திருப்பதும் வழமை. எந்தக் கிருமி என்று பாராமல் வைத்தியத்தைத் தொடங்குவதாலும், அது போய்விட்டதா என்று பாராமல் வைத்தியத்தை முடிப்பதாலும்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய நாய்கள் சாகின்றன.

சுவருக்குள் இருக்கும் உண்ணி

வீட்டு நாயில் நாம் காண்பது பெரும்பாலும் பழுப்பு நாயுண்ணி. றிப்பிசெபாலஸ் சாங்குவினியஸ் என்பது அதன் விலங்கியல் பெயர். வெப்பவலய நாடுகளில் உள்ள வகையை இப்போது றிப்பிசெபாலஸ் லின்னேயி என்று தனியாகப் பிரிக்கிறார்கள். மாட்டுண்ணி குஞ்சாக ஏறிய அதே மாட்டில் முதிர்ந்து, முட்டையிடத்தான் கீழே விழும். நாயுண்ணி அப்படி இல்லை. ஆறு கால் குஞ்சாக ஒருமுறை நாயில் ஏறிக் குடித்து இறங்கும். தோல் கழற்றி, எட்டுக் கால் இளம் உண்ணியாக மறுபடி ஏறி இறங்கும். முதிர்ந்தபின் மூன்றாம் முறை ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் நாயில் இருப்பது சில நாட்கள்தான். முதிர்ந்த பெண் உண்ணி மட்டும் ஒன்று முதல் மூன்று கிழமை வரை இருக்கும். வாழ்நாளின் மிச்சமெல்லாம் நாய்க்கு வெளியே கழிகிறது.

வெளியே என்றால் எங்கே? இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு. இரத்தம் குடித்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஊதிய பெண் உண்ணி, நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பிலோ, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலோ, கூரை வளையிலோ, கிடுகு மடிப்பிலோ, அடுக்கி வைத்த கல்லுக்குள்ளோ நுழைந்து ஆயிரம் முதல் நாலாயிரம் வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். நாயின் காதிலிருந்து பத்து உண்ணி பிடுங்கினோம் என்று ஆறுதலடையும்போது, அதைப்போல் பலமடங்கு சுவருக்குள் இருக்கிறது. இரத்தம் கிடைக்காத முதிர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். முன்பு நாய் வளர்த்துப் பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் புது நாய்க்குட்டியோடு குடிவருபவர்கள் முதல் கிழமையே உண்ணியைக் காண்பது இதனால்தான்.

திருகோணமலையின் காலநிலை இதற்கு நன்றாக ஒத்துப்போகிறது. வாடை மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரியோடு அடங்குகிறது. அதன்பின் நீண்ட வறட்சி. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றின் வெக்கை. சூடு கூடக்கூட முட்டை விரைவாகப் பொரிக்கும், தோல் கழற்றும் நாட்களும் குறையும். முட்டையிலிருந்து முட்டை வரையான ஒரு சுற்று இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மாசியில் கவனிக்காமல் விட்ட சில உண்ணிகள் ஆவணியில் சுவர் முழுக்க ஊர்வது இப்படித்தான்.

பழுப்பு நாயுண்ணியோடு புல் உண்ணியையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஹீமபைசாலிஸ் இனத்தைச் சேர்ந்த சிறிய உண்ணிகள் மாடும் ஆடும் மேயும் புல்லில் இருக்கும். தம்பலகாமத்து வயற்கரை, கிண்ணியா, மூதூர் மேய்ச்சல் தரவைகள், மாட்டுப்பட்டிகளை ஒட்டிய பற்றைகள் எல்லாம் அவற்றுக்கு ஏற்ற இடம். நகருக்குள்ளும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் திரிகின்றன, கட்டாக்காலி மாடுகள் படுக்கின்றன. அந்தப் புல்லில் தினமும் உலாவும் நாய்க்கு, வீடு எவ்வளவு துப்புரவாக இருந்தாலும் உண்ணி ஏறும்.

எர்லிக்கியா: போனதுபோல் காட்டும் நோய்

1935இல் அல்ஜீரியாவில் டொனாத்தியன், லெஸ்டோக்குவார் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதலில் விவரித்த பற்றீரியா இது. 1960களின் இறுதியில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் மூக்கால் இரத்தம் ஒழுகிக் கூட்டமாகச் செத்தபோதுதான் இதன் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. அவற்றில் பெரும்பங்கு அல்சேஷன் இன நாய்கள். இன்றும் அந்த இனத்தில் நோய் கடுமையாகவே வருகிறது.

உண்ணி கடித்து 8 முதல் 20 நாளில் முதற்கட்டம் தொடங்கும். காய்ச்சல், சாப்பாட்டு வெறுப்பு, கழுத்திலும் முழங்காலுக்குப் பின்னும் நிணநீர்க் கணு வீக்கம், சில நாய்களுக்குக் கண் கலங்கல். இது இரண்டு முதல் நான்கு கிழமை நீடித்து, மருந்தே கொடுக்காவிட்டாலும் பல நாய்களில் தானாக அடங்கும். ஏமாறுவது இங்கேதான். கிருமி மண்ணீரலில் பதுங்கிவிடுகிறது. நாய் சாப்பிடும், ஓடும், குட்டியும் போடும். இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஓசையில்லாமல் குறைந்தே இருக்கும். இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நீளலாம். சில நாய்கள் தம் எதிர்ப்புச் சக்தியாலேயே கிருமியை வென்றுவிடும். மற்றவை மூன்றாம் கட்டத்துக்குப் போகும்: என்பு மச்சை வற்றி, செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு மூன்றும் உற்பத்தியாகாமல் நின்றுவிடும். மூக்கால் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கரிய மலம், வெளிறிய முரசு. அந்தக் கட்டத்தில் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தாலும் பல நாய்கள் பிழைப்பதில்லை. அதனால்தான் முதற்கட்டத்தின் 28 நாள் மருந்தைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

உண்ணி தோலில் கடித்து மூன்று மணித்தியாலத்துக்குள்ளேயே எர்லிக்கியாவைக் கடத்தத் தொடங்கிவிடும். பின்னேரம் நாயைத் தடவிப் பார்த்து உண்ணி பிடுங்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தக் கிருமிக்கு அது மட்டும் போதாது. ஆண் உண்ணிகளும் கடத்தும். ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிக் குடிப்பது அவற்றின் இயல்பு. கிருமி ஏறிய உண்ணி, நாயை விட்டு இறங்கி 155 நாளுக்குப் பிறகும் நோயைக் கொடுத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கு எர்லிக்கியா போவதில்லை என்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம்.

பபீசியா: செங்குழியத்தை உடைப்பது

பபீசியா கிப்சோனி நம் பக்கத்து ஒட்டுண்ணி. 1910இல் பற்றன் என்ற ஆய்வாளர் மதராஸ் வேட்டை நாய்களின் இரத்தத்தில் இதைக் கண்டு விவரித்தார். பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டார். செங்குழியத்துக்குள் புகுந்து பெருகி அதை உடைப்பது இதன் வேலை. அதைவிட மோசம், நாயின் சொந்த எதிர்ப்புச் சக்தியே ஒட்டுண்ணி இல்லாத நல்ல செங்குழியங்களையும் பகையென்று எண்ணி அழிக்கத் தொடங்குவது. முரசு வெள்ளையாகும், பிறகு மஞ்சளாகும், சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போகும், மண்ணீரல் வீங்கி வயிறு கனக்கும். சிறுதட்டும் இதில் குறையும். சிறுதட்டு குறைந்துவிட்டது, ஆகவே எர்லிக்கியா என்று முடிவெடுப்பது இந்த இடத்தில்தான் பிழையாகிறது.

இதற்கு உண்ணி கட்டாயம் இல்லை என்பதையும் நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடிபட்டுச் சண்டைபோடும் நாய்களுக்கு இடையே இரத்தம் கலந்து தொற்றும். தாயிலிருந்து வயிற்றிலுள்ள குட்டிக்குப் போகும். பரிசோதிக்காத நாயின் இரத்தத்தை ஏற்றினாலும் வரும். நம் ஊர் நாய்கள் பல இதைச் சுமந்துகொண்டு ஒரு குறியும் காட்டாமல் திரிகின்றன. அதே தெருவுக்குக் கொழும்பிலிருந்து வாங்கிவந்த றொட்வைலர் குட்டி சில கிழமைகளில் விழுந்துவிடும்.

பபீசியா வோகெலி உருவில் பெரியது, குணத்தில் பெரும்பாலும் சாதுவானது. வளர்ந்த நாயை லேசாகவும் குட்டிகளைக் கடுமையாகவும் தாக்கும். இது தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குப் போகும். பொரித்த குஞ்சே கிருமியோடு வரும் என்று பொருள். அனபிளாஸ்மா பிளாட்டிஸ் சிறுதட்டுக்குள் வாழ்வது. ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை எண்ணிக்கை விழுந்து எழும்புவதால், ஒரேயொரு பரிசோதனையில் தப்பிவிடும். ஹெப்பட்டோசூன் வருவது கடியால் அல்ல. நாய் தன் உடம்பைக் கடித்துச் சொறியும்போது உண்ணியை விழுங்கினால் வரும். பிடுங்கிய உண்ணியை நாயின் முன்னால் நிலத்தில் போடக்கூடாது.

வீட்டில் பார்க்கக்கூடியவை

மூக்கு ஈரமா, காய்ந்ததா என்று பார்ப்பதில் பயன் இல்லை. பத்து நிமிடம் செலவழித்தால் உருப்படியாக மூன்றைப் பார்க்கலாம். சாதாரண டிஜிட்டல் தேமாமீற்றரின் நுனியில் வாசலின் தடவி, மலவாசலில் இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே வைத்துப் பார்த்தால் சுகமான நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் இருக்கும். 39.5க்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுமத்தியான வெயிலில் இளைத்துவிட்டு வந்த நாயில் அளந்தால் கூடத்தான் காட்டும். விடியற்காலையில் அளப்பது சரி. இரண்டாவது முரசு. உதட்டைத் தூக்கி, விரலால் அழுத்தி விட்டால் வெள்ளையான இடம் இரண்டு செக்கனுக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். முரசு இயல்பாகவே கறுத்த நாய்களில் கண்ணின் கீழிமையை இழுத்து உட்பக்கம் பார்க்கலாம். மூன்றாவது சிறுநீரின் நிறம். வெள்ளைச் சீமெந்துத் தரையிலோ வெள்ளைக் கடதாசியிலோ பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும். வயல் தண்ணீரிலும் மழைக்காலத்து வெள்ளத்திலும் உலாவிய நாய் என்றால், பரிசோதனை முடியும்வரை கையுறை போட்டே சிறுநீரைக் கழுவுங்கள். மூக்கிலோ முரசிலோ இரத்தம் என்றால் எலிப் பாஷாணம் தின்றிருக்குமா என்றும் வைத்தியர் கேட்பார். அயல்வீட்டில் வைத்தார்களா என்று விசாரித்துவிட்டுப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பரிசோதனையில் எங்கே பிழை வருகிறது

முழு இரத்தப் பரிசோதனை இல்லாமல் இந்த நோய்களில் வழி தெரியாது. செங்குழியக் கனவளவு, அதாவது இரத்தத்தில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு, நாய்க்கு 37 முதல் 55 சதவீதம் இருக்கவேண்டும். சிறுதட்டு ஒரு மைக்ரோலீற்றருக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் முதல் ஐந்து இலட்சம். நம் பகுதியில் சில வேளைகளில் நாயின் இரத்தத்தை மனிதருக்கான ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக நேரிடுகிறது. மனித இரத்தத்துக்கு அமைத்த இயந்திரம் நாயின் குழியங்களைப் பிழையாகப் பிரிக்கக்கூடும். சிறுதட்டுகள் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், இருப்பதைவிடக் குறைவாக எண்ணும். ஆகவே எண்ணிக்கை மிகக் குறைவென்று வந்தால், கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் ஒருவர் பார்த்து உறுதிசெய்வது அவசியம்.

இரத்தம் எடுத்த குழாய் ஊதா மூடியுடையதாக இருக்கவேண்டும். எடுத்தவுடன் மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக்கூடாது. தகட்டுப் பூச்சை அந்த இடத்திலேயே செய்துவிடுவது நல்லது. வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோன குழாயில் செங்குழியங்கள் உடைந்து, நோயே இல்லாத நாய்க்கும் நோய் காட்டும். ஐஸ் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். ஐஸில் நேரே பட்டு உறைந்தாலும் கெட்டுவிடும்.

பபீசியாவைத் தேட, காது நுனியில் ஊசியால் குத்தி வரும் முதல் துளி இரத்தம் சிறந்தது. ஒட்டுண்ணி ஏறிய செங்குழியங்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அதிகம் தங்கும். எர்லிக்கியாவை நுணுக்குக்காட்டியில் காண்பது அரிது; காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. சில துளி இரத்தத்தில் பத்து நிமிடத்தில் கோடு காட்டும் விரைவுச் சோதனைகள் கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத்தான் பார்க்கின்றன. நோய் தொடங்கிய முதல் நாட்களில் அவை எதிர்மறையாக வரலாம், சுகமாகிப் பல மாதத்துக்குப் பின்னும் நேர்மறையாகவே காட்டலாம். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது பணத்தை வீணாக்குவது. சந்தேகம் தீராவிட்டால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை உண்டு. திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திடம் உங்கள் வைத்தியர் மூலம் விசாரிக்கலாம். பிசிஆருக்கான இரத்தத்தை மருந்து தொடங்க முன்பே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் மருந்துக்குப் பின் எடுத்தால் விடை நம்பத்தக்கதாக இராது.

மருந்தும் நாட்களும்

எர்லிக்கியாவுக்கும் அனபிளாஸ்மாவுக்கும் டொக்சிசைக்கிளின். நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம், ஒரே தடவையாகவோ இரண்டாகப் பிரித்தோ, 28 நாள். 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம் கப்சியூல் காலை ஒன்று, இரவு ஒன்று, மொத்தம் 56. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். கப்சியூல் தொண்டையில் சிக்கினால் புண்ணாக்கும், அதனால் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னால் ஐந்தாறு மில்லிலீற்றர் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னப் பக்கமாக விடுங்கள். தயிருக்குள் புதைத்துக் கொடுப்பது நாய்க்குப் பிடிக்கும், மருந்துக்குப் பிடிக்காது: பாலிலுள்ள கல்சியம் மருந்தோடு சேர்ந்து, உடம்பில் சேரும் அளவைக் குறைக்கும். இரும்புச் சத்துப் பாணியும் அப்படித்தான். மீன் துண்டு அல்லது ஈரல் துண்டு போதும்.

சிறுதட்டு ஒரு கிழமைக்குள் ஏறத் தொடங்கவேண்டும். ஏழாம் நாள் எண்ணிப் பார்த்து ஏறவில்லை என்றால், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயறிதலைத்தான் சந்தேகிக்கவேண்டும். பபீசியாவும் கூடவே இருக்கலாம். 28ஆம் நாள் மறுபடி எண்ணவேண்டும். மருந்தை நிறுத்தி மூன்று மாதத்தின் பின் இன்னொருமுறை. இந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வருபவர்கள் குறைவு. நாய் நன்றாக ஓடித்திரியும்போது எதற்கு இரத்தம் எடுப்பது என்று தோன்றுவது இயல்பு. பதுங்கியிருக்கும் எர்லிக்கியா நாயின் நடையில் தெரியாது, இரத்தத்தில்தான் தெரியும்.

பபீசியாவுக்கு இந்த மருந்து தனியாக உதவாது. வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி, ஒரு கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், 14 நாள் இடைவெளியில் இரண்டு. போட்டு அரைமணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகல், வாந்தி, பேதி வரலாம் என்பதால் முன்னதாக அற்றோபின் ஊசி போடுவார்கள். போட்டவுடன் வண்டியில் ஏற்றாமல் ஒருமணி நேரம் அங்கேயே இருங்கள். கிப்சோனிக்கு இமிடோகார்ப் பெரிதாக வேலை செய்யாது. மாட்டுக்குப் பயன்படும் டிமினசீன் ஊசி, ஒரு கிலோவுக்கு 3.5 மில்லிகிராம் ஒரேயொரு தடவை, ஒட்டுண்ணியைக் குறைத்து நாயை எழுப்பிவிடும். ஆனால் முற்றாக அழிக்காது. நாய்க்கு இதில் பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. எழும்பவில்லையே என்று சில நாளில் இன்னொன்று போட்டால் மூளை பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடி, வலிப்பு வந்து சாகலாம். எடையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுத்துப் போடவேண்டிய ஊசி இது.

கிப்சோனிக்கு நன்கு நிறுவப்பட்ட வைத்தியம் அற்றோவக்குவோன் 13.3 மில்லிகிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அசித்ரோமைசின் 10 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை, இரண்டும் ஒரு கிலோ எடைக்கு, 10 நாள். அற்றோவக்குவோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்காவிட்டால் குடல் உறிஞ்சாது. விலை அதிகம், கிடைப்பதும் கடினம். அதனால் கிளிண்டமைசின், மெற்றோனிடசோல், டொக்சிசைக்கிளின் மூன்றையும் சேர்த்துப் பல கிழமை கொடுக்கும் முறையும் உண்டு. இது மெதுவானது, பொறுமை வேண்டும். எந்த முறையிலும் சில நாய்களில் ஒட்டுண்ணி மிஞ்சியிருக்கும். பின்னால் பிரசவம், அறுவைச் சிகிச்சை, நீண்ட ஸ்டிரொயிட் மருந்து என்று உடம்பு தளரும்போது அது திரும்பத் தலைதூக்கும். எந்த வருத்தத்துக்குப் போனாலும் முன்பு பபீசியா வந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

செங்குழியக் கனவளவு 15க்குக் கீழே இறங்கி, நாய் எழும்பமுடியாமல் மூச்சு வாங்கினால் மருந்து வேலை செய்யும்வரை தாங்க இரத்தம் ஏற்றவேண்டும். கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். 20 கிலோ நாயை 10இலிருந்து 20க்குக் கொண்டுவர 400 மில்லிலீற்றர். 25 கிலோவுக்கு மேலான சுகமான நாய் ஒன்று அந்த அளவைக் கொடுக்கலாம். கொடுக்கும் நாயை இதே நோய்களுக்குப் பரிசோதித்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் பெரிய நாய் வளர்ப்பவர்கள் முன்கூட்டியே பேசி, ஒருவருக்கொருவர் உதவ ஒரு பட்டியல் வைத்திருந்தால் அந்த நெருக்கடியில் பெரிய உதவி.

வீட்டில் கொடுப்பவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். உண்ணி அண்டாது என்று சோற்றில் உள்ளி சேர்க்கிறார்கள். உள்ளியும் வெங்காயமும் நாயின் செங்குழியத்தை உடைப்பவை. பபீசியா வந்த நாய்க்கு அது இரட்டை அடி. காய்ச்சலுக்கு அஸ்பிரின், டைக்குளோபினாக், ஐபுபுறோபன் கொடுப்பது, சிறுதட்டு குறைந்த நாயின் வயிற்றுக்குள் இரத்தம் கசிய வழிவிடும். பரசிற்றமோலும் நாயின் ஈரலைக் கெடுக்கக்கூடியது. பப்பாசி இலைச்சாறு எந்தக் கிருமியையும் கொல்லாது. கசப்பில் வாந்தி எடுத்து, உள்ளே போன கப்சியூலையும் வெளியே தள்ளிவிடும்.

நாயிலும் வளவிலும் ஒரே நேரத்தில்

பிடுங்குவதற்கு நுனி கூரிய சாவணம். தோலோடு ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நிதானமாக நேரே இழுங்கள். மண்ணெண்ணெய் விடுவதும் நெருப்புக்குச்சி காட்டுவதும் உண்ணியை வயிற்றிலுள்ளதைக் கக்கவைக்கும் என்பதால் தவிர்க்கவேண்டும். காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், கக்கம், வாலடி ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். பிடுங்கியவற்றை ஸ்பிரிட் உள்ள சிறு போத்தலில் போடுங்கள். நகத்தால் நசுக்கினால் அதன் இரத்தம் உங்கள் கையில்தான்.

புளூரலனர், அபொக்சோலனர், சாரோலனர் முதலிய வாய்வழி மருந்துகள், கடித்த உண்ணியைச் சில மணி நேரம் முதல் இரண்டு நாளுக்குள் கொல்லும். முதலாவது ஏறக்குறைய 12 கிழமை, மற்றவை ஒரு மாதம் காக்கும். வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைக் கொடுக்கமுன் வைத்தியரைக் கேளுங்கள். உண்ணி கடித்தபின்தான் இவை வேலை செய்வதால், மூன்று மணித்தியாலத்துக்குள் கடத்தப்படும் எர்லிக்கியாவை முழுதாகத் தடுக்க முடியாது. கடிக்கவிடாமல் விரட்டும் புளூமெத்திரின் பட்டி அல்லது பெர்மெத்திரின் சேர்ந்த துளிமருந்தை, வைத்தியரைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டால் காப்பு கூடும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்திரின் வேண்டாம், பூனைக்கு அது உயிராபத்து. பிப்புறோனில் துளிமருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டக்கூடாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அடிக்கடி கடலில் இறங்கும் நாய்களுக்குத் துளிமருந்தும் பட்டியும் சொன்ன நாள்வரை நிற்காது, வாய்வழி மருந்தே பொருத்தம்.

12.5 சதவீத அமிற்றாஸ் கழுவு மருந்தை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 முதல் 4 மில்லிலீற்றர் மட்டுமே கலக்கவேண்டும். மாட்டுக்கு ஊற்றியதுபோல் மூடிக் கணக்கில் ஊற்றினால் நாய் மயங்கி, இதயத் துடிப்பு இறங்கும். குட்டிகளுக்கும் நீரிழிவு உள்ள நாய்க்கும் வேண்டாம். எரிந்த என்ஜின் ஒயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைத் தோலில் பூசி, உண்ணிக்கு முன் நாய் செத்த கதைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

வளவில் முதல் வேலை அடைத்தல். நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். கொட்டிலின் பழைய கிடுகை இறக்கி எரியுங்கள். கல், விறகு, ஓடு அடுக்குகளை நாயின் படுக்கையிலிருந்து விலக்குங்கள். சாக்கைக் கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடுங்கள். பிறகு டெல்ராமெத்திரின் அல்லது சைபர்மெத்திரினைப் பொதியில் சொன்ன அளவில் கலந்து, தரையில் மட்டும் அல்லாமல் சுவரின் மேற்பகுதி, கதவு நிலை, கூரை வளை எல்லாம் நனைய அடியுங்கள். முட்டையை மருந்து கொல்லாது. ஒருமுறை அடித்து ஓய்ந்தால் அடுத்த பொரிப்பில் எல்லாம் திரும்பிவிடும், ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறையாகக் குறைந்தது மூன்று தடவை. காயும்வரை நாயையும் பூனையையும் பிள்ளைகளையும் விலக்குங்கள். இந்த மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. மணற்பாங்கான நம் வளவுகளில் கிணறு ஆழமில்லை. கிணற்றடி, வாய்க்கால், களப்புக்கரை ஆகிய இடங்களில் அடிப்பதோ கலன் கழுவுவதோ கூடாது. நாய்க்கு மருந்து கொடுத்து வளவை விட்டால் சுவரிலுள்ளவை காத்திருக்கும். வளவுக்கு அடித்து நாயை விட்டால் உண்ணிகள் அதிலேயே குடித்துப் பெருகும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

நாயின் எர்லிக்கியாவோ பபீசியாவோ தடவுவதாலும் நக்குவதாலும் வீட்டாருக்கு வராது. உண்ணி மனிதரையும் கடிக்கும் என்பதும், றிக்கெற்சியா என்ற பற்றீரியா வகையால் வரும் சில காய்ச்சல்களை உண்ணிகள் மனிதருக்குக் கடத்தும் என்பதும் வேறு விஷயம். பிள்ளைகளின் காதுக்குள் உண்ணி புகுந்து வலி எடுத்தால் குத்தாமல், எண்ணெய் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உண்ணி கடித்துச் சில நாட்களில் காய்ச்சலும் தலையிடியும் தோலில் சிவப்புப் புள்ளிகளும் கண்டால், வீட்டில் நாய் இருப்பதையும் உண்ணி கடித்ததையும் வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனையோடு தேடல் நின்றுவிடலாம்.